மார்கழியில் எடுத்த படம்

(வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த நம் முன்னோர், வீட்டை விற்றுப் பார் என்று மட்டும் ஏனோ சொல்லாமல் போய்விட்டார்கள். அவர்கள் காலத்தில் வீட்டை விற்பது அவ்வளவு அபூர்வமாக இருந்திருக்க வேண்டும். இன்று அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் செல்லும் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து வருகிற நம் கல்லூரி மாணவர்கள் வழி நெடுகப் பார்த்திருப்பீர்கள்: பூட்டிய கதவு, முற்றத்தில் முளைத்த வேலிக்கருவை, சுவரில் "வீடு விற்பனைக்கு" என்ற எழுத்து, அதன் கீழே ஒரு கைப்பேசி எண்.

விற்பவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். மானாவாரி வெள்ளாமை கைவிட்ட பிறகு திருப்பூருக்கும் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போனவர்கள். போன இடத்திலேயே பிள்ளைகளைப் படிக்க வைத்துக் காலூன்றிவிட்டவர்கள். வாங்குபவர்கள் யார் என்பதுதான் யோசிக்க வேண்டியது. உள்ளூர்க்காரன் வாங்குவதில்லை, அவனே வெளியேற வழி பார்த்துக்கொண்டிருக்கிறான். வாங்க வருகிறவர் பெரும்பாலும் தொலைவில் இருப்பவர். தகப்பனார் காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டுப் போய், நகரத்தில் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்று, கடைசிக் காலத்தையாவது சொந்த மண்ணில் கழிக்க வேண்டும் என்ற ஏக்கத்தோடு இருப்பவர். நகரத்தில் ஓர் அறை வாங்கப் போதாத பணத்துக்கு இங்கே முற்றமும் கிணறும் வேப்பமரமும் உள்ள வீடே கிடைக்கும் என்று கேள்விப்பட்டவர். அவர் அந்த வீட்டை முதன்முதலில் பார்ப்பது கைப்பேசியின் சிறு திரையில்.

அந்தத் திரையில் நாம் எதைக் காட்டுகிறோம்? 'நாம்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஊரில் ஒரு வீடு விலைக்கு வந்தால் படம் எடுப்பதும், விளம்பரம் எழுதுவதும், அதை வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் போடுவதும் நம்மைப் போன்ற கல்லூரிப் பிள்ளைகள்தாம். எங்கள் குடும்பத்தில் ஒரு பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த முதல் ஆள் நான். உங்களில் பலரும் அப்படித்தான். ஆகவே இது தரகர்களின் பிரச்சினை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் கிராமத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய வீடு பெரியப்பாவுடையது. அவர் காலமான பின் பெரியம்மா திருப்பூரில் மகனோடு போய் இருப்பதென்று முடிவாயிற்று. வீட்டை விற்றால்தான் நகைக்கடனை அடைத்து, கையில் ஏதோ கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ள முடியும். தரகர் வந்தார். நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர். என்னைத் தோளில் தட்டி, "தம்பி காலேஜ்ல படிக்கிறாப்ல, அருமையாப் படம் எடுத்துருவாப்ல" என்றார். அது மார்கழி மாதம். வடகிழக்குப் பருவமழை அந்த ஆண்டு எங்களைக் கைவிடவில்லை. கண்மாய் பெருகிக் கிடந்தது. கரையில் நின்று எடுத்தால் நீருக்கு அப்பால் வீட்டின் ஓட்டுக்கூரை தெரியும். கேரளத்தை எடுத்துவந்து வைத்ததுபோல இருந்தது.

தரகர் இரண்டு யோசனைகள் சொன்னார். ஐந்து நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும் நாளாகப் பார்த்து, குழாயைத் திறந்து வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பது ஒன்று. தெற்குச் சுவரில் அடித்தளத்திலிருந்து மேல்நோக்கி ஓடும் விரிசலைப் பூசி வெள்ளையடித்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் செய்தேன். விளம்பரத்தில் "ரமணர் பிறந்த புண்ணிய பூமி" என்றும் ஒரு வரி சேர்த்தார். எங்கள் ஊருக்கும் திருச்சுழிக்கும் இடையே எட்டு கிலோமீட்டர். (1879 டிசம்பர் 30இல் திருச்சுழியில் பிறந்த அந்த மகான் 1896இல் திருவண்ணாமலைக்குப் போனவர், பிறகு அந்த ஊரை விட்டு வரவேயில்லை. இதை எந்த விளம்பரத்திலும் எழுதுவதில்லை.)

பதினைந்து நாளில் மும்பையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அறுபது வயதிருக்கும். பேச்சில் இந்திச் சொற்கள் இடையிடையே வந்தாலும் அடியில் எங்கள் பக்கத்துத் தமிழ் இருந்தது. எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசியில் கேட்டார்: "தம்பி, தண்ணி எப்படி?"

"குறையொண்ணும் இல்லைங்கய்யா" என்றேன்.

சொன்ன அந்த நிமிடம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியது ஆய்வுக்கூடத்தில். நீரின் கடினத்தன்மையைக் கண்டறியும் சோதனை எங்கள் பாடத்தில் உண்டு. அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டு வரச் சொன்னார்கள். நான் பெரியம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு போனேன். இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, குடுவையில் உள்ள செந்நிறம் நீலமாக மாற வேண்டும். பக்கத்து மேசைத் தோழனுக்கு மாறிவிட்டது. எனக்கு பியூரெட்டில் பாதிக்கு மேல் இறங்கிய பிறகும் சிவப்பு சிவப்பாகவே நின்றது. கணக்குப் போட்டபோது லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்கிற அளவு 200. வேறு நீரே கிடைக்காத இடத்தில் போனால் போகிறது என்று பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவுதான் 600. இது கண்மாய் நிறைந்து ஊற்று இனித்துக் கிடந்த காலத்துத் தண்ணீர். சித்திரையில் எடுத்திருந்தால் எத்தனை பியூரெட் தேவைப்பட்டிருக்குமோ!

அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தொலைவிலிருந்து வீடு வாங்குகிறவருக்கு விற்பவர் எதைச் சொல்லக் கடமைப்பட்டவர்?

சட்டம் என்ன சொல்கிறது என்று நூலகத்தில் தேடினேன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. சொத்திலோ அதன் உரிமை மூலத்திலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாமலும் இருந்தால், விற்பவர் அதை வெளிப்படுத்தியே ஆக வேண்டும். வெள்ளையடித்து மறைத்த விரிசல் இதற்குள் நேராக வந்து விழுகிறது. கிணற்றுத் தண்ணீரின் விஷயம் அவ்வளவு நேரானதல்ல. ஒரு வாளி இறைத்து வாயில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே, அது மறைந்த குறையா என்று ஒரு வழக்கறிஞர் வாதாடலாம். ஆனால் மும்பையில் இருப்பவருடைய 'சாதாரணக் கவனம்' எவ்வளவு தூரம் எட்டும்? வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் அவர் அங்கிருந்தே பார்த்துவிடலாம். பட்டாவையும் பார்த்துவிடலாம். உப்பு மட்டும் எந்தத் திரையிலும் தெரிவதில்லை.

மனைப்பிரிவு போட்டு விற்கும் பெரிய நிறுவனங்களுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. விளம்பரத்தில் பொய்யான தகவல் தந்து, அதை நம்பி வாங்கியவர் நட்டப்பட்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. மதுரை-தூத்துக்குடி நான்கு வழிச்சாலை ஓரத்தில் வண்ணக் கொடி நட்டு விற்கும் மனைகளுக்கு அது பொருந்தும். பெரியம்மாவின் ஒற்றைப் பழைய வீட்டுக்குப் பொருந்தாது. ஆகவே இங்கே காவல் நம் மனச்சாட்சி ஒன்றுதான் என்றாகிறது.

விரிசலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேதியியல் படிக்கிற எனக்கு அதில் தனி ஆர்வம். நம் கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகை மிகுதி. அது ஏடு ஏடாக அமைந்தது. மழை பெய்தால் ஏடுகளுக்கு இடையே நீர் புகுந்து மண் உப்பும். கோடையில் நீர் வெளியேறிச் சுருங்கும். சித்திரை வைகாசியில் நம் காடுகளில் காலை விட்டால் கணுக்கால் வரை இறங்கும் வெடிப்புகள் அதனால் உண்டாவதுதான். ஆண்டுதோறும் இப்படி மூச்சு விடுகிற மண்ணின் மேல், ஆழம் போதாத அடித்தளத்தில் கட்டிய வீடும் மண்ணோடு சேர்ந்து எழும்பி இறங்குகிறது, சுவர் பிளக்கிறது. இத்தகைய மண்ணுக்கென்றே அடிப்பகுதி குமிழ்போல் விரிந்த தூண் அடித்தளங்களை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்துத் தந்திருக்கிறது. பெரியப்பா வீடு கட்டிய காலத்தில் எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. அந்த விரிசல் யாருடைய குற்றமும் அன்று. அது இந்த மண்ணின் குணம். உள்ளூரில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சுவரைப் பார்த்ததும் அது புரியும். இருபது மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் குடியிருப்பவருக்குப் புரியாது. அதனால்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

"உண்மையைச் சொன்னால் எவன் வாங்குவான்?" என்று தரகர் கேட்கிறார். என் தந்தையும் அதையேதான் கேட்டார். அலட்சியப்படுத்தக் கூடிய கேள்வி அல்ல இது. விற்பவர் கோடீசுவரர் அல்லர், ஒரு விதவை. சொல்லுகிற ஒவ்வொரு குறைக்கும் பத்தாயிரம் இருபதாயிரம் என்று விலை இறங்கும். அந்தப் பணம் என் சட்டைப் பையிலிருந்து போவதில்லை, பெரியம்மாவின் முந்தானையிலிருந்து போகிறது. இதை நினைக்கும்போது என் நேர்மை எனக்கே கொஞ்சம் மலிவாகத் தோன்றுவதுண்டு. பிறர் செலவில் உத்தமனாக இருப்பது சுலபம்தானே!

ஆயினும் அந்தக் கேள்விக்கு நமக்கு அருகிலேயே ஒரு பதில் இருக்கிறது. நம் எல்லையைத் தாண்டினால் ராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டம். அங்கே அபிராமத்தை அடுத்த வல்லந்தையில் 2007ஆம் ஆண்டு வாக்கில் பஞ்சாபிலிருந்து சீக்கிய விவசாயிகள் வந்து நிலம் வாங்கினார்கள். ஐந்து நதிகளின் நாட்டிலிருந்து ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் கடந்து வந்தவர்கள். அவர்கள் வாங்கியது சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த தரிசு. அந்தக் கருவேலங்காட்டை அவர்களிடமிருந்து யாரும் மறைத்திருக்க முடியாது; கண்ணெதிரே நின்றது. அரசு ஊழியர்களை மாற்றிவிடுவதாக மிரட்டுவதற்கு "தண்ணியில்லாக் காடு" என்று நாமே பெயர் வைத்திருக்கிற பூமி அது. இருந்தும் வாங்கினார்கள். கருவேலத்தை வேரோடு பறித்தார்கள். ஆழ்துளைக் கிணறு போட்டு, சொட்டு நீர் விட்டு, மாவும் கொய்யாவும் நெல்லியும் வைத்தார்கள். 'அகல் பண்ணை' என்ற பெயரில் அந்தத் தோப்புகள் இன்று பத்திரிகைகளில் எழுதப்படுகின்றன.

அவர்களை வீரர்கள் என்று புகழ்வதற்காக இதை நான் சொல்லவில்லை. அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். பஞ்சாபில் ஒரு ஏக்கரை விற்றால் இங்கே பல ஏக்கர் வாங்கலாம். மிஞ்சுகிற பணத்தில் தண்ணீருக்கு வழி செய்யலாம். குறை கண்ணுக்குத் தெரிந்திருந்ததால் அதற்கும் சேர்த்து அவர்களால் கணக்குப் போட முடிந்தது. தொலைவிலிருந்து வருகிறவர் குறையைக் கண்டு ஓடிவிடுவதில்லை; தெரியாத குறை பிறகு வெளிப்படும்போதுதான் அவர் கணக்குக் குலைகிறது. அதே கமுதி வட்டத்தில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்று எழுந்தது. விளம்பரத்தில் நாம் மறைக்கப் பார்க்கிற வெயிலுக்காகவே ஒரு கூட்டம் வந்து இறங்கியது என்றால், எது குறை எது நிறை என்று தீர்மானிக்க நாம் யார்? வாங்குகிறவர் தீர்மானிக்கட்டும்.

இன்னொன்றையும் தரகர்கள் மறந்துவிடுகிறார்கள். விற்றுவிட்டுப் பெரியம்மா திருப்பூர் போய்விடுவார். தரகர் கமிஷனை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். மும்பைக்காரர் வந்து குடியேறும்போது பக்கத்து வீட்டில் இருக்கப் போவது நாங்கள். வைகாசி மாதத்தில் ஒருநாள் அவர் மனைவி குடத்தோடு எங்கள் வாசலில் வந்து நிற்கும்போது, "குறையொண்ணும் இல்லை" என்று சொன்ன வாயால் நான் என்ன சொல்வேன்?

ஊரை இகழ்ந்து பேச வேண்டும் என்பது என் கருத்தன்று. சொல்லத் தக்க நன்மைகளையே நம்மவர்கள் விளம்பரத்தில் சொல்வதில்லை. அது தனி வேடிக்கை. அந்த வீட்டின் மண்சுவர் ஒன்றரை அடி கனம். அக்கினி நட்சத்திரத்திலும் உள்ளறை குளிர்ந்திருக்கும். வேப்பமர நிழல் பிற்பகலில் முற்றம் முழுவதையும் மூடும். காலையில் பேருந்தில் ஏறினால் பூ மூட்டைகளின் மல்லிகை மணத்தோடு அருப்புக்கோட்டைக்குப் போகலாம். சென்னைக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஓடும் சிலம்பு விரைவு ரயில் அருப்புக்கோட்டையில் நிற்கிறது. இரவு எட்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்தால் பேச ஆள் உண்டு. இது கொஞ்சம் தொந்தரவு என்பதும் உண்மை. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு "விமான நிலையத்துக்கு மிக அருகில்" என்று எழுதுகிறார்கள். கிராமத்தில் ஓய்வெடுக்க வருகிற முதியவருக்கு விமானம் எதற்கு?

ஆகவே, படம் எடுக்கப் போகும் நண்பர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான். மார்கழியில் ஒரு படம் எடுத்தால் சித்திரையில் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். தண்ணீரை நம் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது நம் மனநிறைவுக்கு. பிறருக்குக் காட்ட வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் சோதனைக்கூடம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் முடிவைத் தாளில் தருவார்கள். குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். முன்பணம் வாங்குவதற்கு முன், வாங்குகிறவரைக் கோடையில் மூன்று இரவு அந்த வீட்டிலேயே தங்கச் சொல்லுங்கள். மூன்று நாள் தங்கிய பிறகும் வேண்டும் என்கிறவரே அந்த வீட்டுக்கு உரியவர். மூன்று நாளில் ஓடிவிடுகிறவரிடம் விற்றிருந்தால், வீடு மறுபடியும் பூட்டிக்கிடக்கும். முற்றத்தில் மறுபடியும் கருவை முளைக்கும்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது என் தந்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "உன்னைப் படிக்க வச்சது எங்க தலையில கல்லைப் போடவா?" என்று மூன்றாம் நாள் கேட்டார். பெரியம்மா மட்டும் உரலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பிறந்த ஊர் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரம். பிறகு சொன்னார்:

"நான் வாக்கப்பட்டு வந்தப்ப பதினெட்டு வயசு. பொண்ணு கேட்டு வந்தவுக, கண்மாய் இருக்கு, கிணறு இருக்குன்னு எங்கய்யாகிட்டச் சொன்னாக. தண்ணி உப்புன்னு ஒருத்தரும் சொல்லல. வந்த மறுநாள் சோறு பொங்கி, வாயில வச்சுட்டு அழுதேன். அந்த மனுசன்கிட்டச் சொல்லிருப்பா. ரூவா கொறஞ்சாக் கொறையட்டும்."

அப்புறம் யாரும் பேசவில்லை.

அன்று மாலை நானே மும்பைக்குப் பேசினேன். தண்ணீரைச் சொன்னேன், விரிசலைச் சொன்னேன், வெள்ளையடித்ததையும் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டார். இருபது நாள் அழைப்பே இல்லை. தரகர் வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரும் வரவில்லை. வேறு கேட்பாரும் இல்லை. நகைக்கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அந்த இருபது நாளும் நான் செய்தது சரிதான் என்று என்னால் உறுதியாக நினைக்க முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இருபத்தோராம் நாள் கூப்பிட்டார். விலையில் ஒரு லட்சம் குறைத்துக் கேட்கிறார். சித்திரையில் மனைவியோடு வந்து தங்கிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். விலை இன்னும் படியவில்லை. பெரியம்மா ஐம்பதாயிரத்துக்கு மேல் குறைக்கச் சம்மதிக்கவில்லை, அதுவும் நியாயம்தான். இந்தக் கட்டுரையை எழுதிக் கொடுக்கும் இந்த வாரத்தில் அவரிடமிருந்து மேலும் மூன்று கேள்விகள் வந்திருக்கின்றன. மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கப் பின்புறம் தொட்டி கட்ட இடம் உண்டா, வேப்பமரம் வீட்டு எல்லைக்கு உள்ளேயா வெளியேயா, தாழ்வாரத்து ஓடு எந்த வருடம் மாற்றியது? முதல் இரண்டுக்கும் அளந்து பார்த்துப் பதில் அனுப்பிவிட்டேன். மூன்றாவதற்குப் பெரியம்மாவைத்தான் கேட்க வேண்டும்.